வாசனைக்கு எதற்கு மருந்துச் சீட்டு?

என் குளியலறை அலமாரியில் ஒரு காலத்தில் 7 சின்னக் குப்பிகள் வரிசையாக நின்றன. ரோஸ்மேரி, லாவெண்டர், பெப்பர்மின்ட், டீ ட்ரீ, சீடர்வுட், எலுமிச்சை, மல்லிகை. பழுப்புக் கண்ணாடி, கறுப்பு ரப்பர் மூடி, உள்ளே சொட்டுக் குழாய். ஒரு சித்த வைத்தியரும் ஒரு கெமிஸ்ட்ரி டீச்சரும் சேர்ந்து குடியிருக்கிற வீடு போல இருக்கும். ஏழுக்கும் சேர்த்து 3,000 ரூபாய்க்கு மேல் ஆனது. அப்போது என் சம்பளம் 28,000. பாதி வாடகைக்கே போய்விடும். மிச்சத்தில் 3,000 ரூபாய்க்கு வாசனை வாங்கியிருக்கிறேன் என்றால் எவ்வளவு பயந்திருக்க வேண்டும், யோசித்துப் பாருங்கள்.

பயம்தான். டெங்கு வந்து எழுந்து 3 மாதம் ஆகியிருந்தது. காய்ச்சல் போய்விட்டது, தட்டணுக்கள் ஏறிவிட்டன, அப்பாடா என்று உட்கார்ந்தால் முடி கொட்ட ஆரம்பித்தது. சீப்பில், தலையணையில், சட்டையில், ரசத்தில். குளியலறையில் தண்ணீர் போகிற ஓட்டை வாரம் ஒருமுறை அடைத்துக்கொண்டது. ஆபீஸில் பக்கத்து சீட் அக்கா என் தோளிலிருந்து ஒரு நீள முடியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இப்படிக் கொட்டுதேம்மா, பொண்ணு பாக்க வர்றதுக்குள்ள ஏதாச்சும் பண்ணு" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அன்று ராத்திரி 2 மணி வரை போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போனுக்கு என் பயம் எப்படியோ தெரிந்துவிட்டது. மறுநாளிலிருந்து திறந்த பக்கமெல்லாம் ரோஸ்மேரி.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று. நறுமண எண்ணெய்களோடு எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. வாசனை எனக்குப் பிடிக்கும். ஆனால் வாசனையை மருந்து என்று சொல்லி விற்கிறவர்களோடு சண்டை இருக்கிறது. காசு வாங்காமல் அதையே தோழிக்கும் தங்கைக்கும் சிபாரிசு செய்கிற நம்மோடும் இருக்கிறது.

*

முதலில் என் கதையை முடித்துவிடுகிறேன். ரோஸ்மேரி எண்ணெயை எதிலும் கலக்காமல் நேராக மண்டையில் சொட்டுவிட்டுத் தேய்த்தேன். எரிந்தது. "எரிஞ்சா வேல செய்யுதுன்னு அர்த்தம்" என்று ஒரு வீடியோவில் சொல்லியிருந்தார்கள், நம்பினேன். இரண்டாவது வாரம் காதுக்குப் பின்னால் சிவந்து தோல் உரிந்தது. நெற்றியோரம் அரிப்பு. ஒருநாள் காலையில் எழுந்தால் இரண்டு கண்ணிமையும் வீங்கி, யாரோ அடித்துப் போட்டது போல இருந்தேன். அரசு மருத்துவமனையின் தோல் பிரிவில் வரிசையில் நின்றேன். அங்கிருந்த டாக்டரம்மா தலையைத் தொடுவதற்கு முன்பே ஒரு கேள்வி கேட்டார்: "கடைசி நாலஞ்சு மாசத்துல பெரிய காய்ச்சல் ஏதாவது வந்துச்சா?"

நான் பார்த்த அத்தனை வீடியோக்களிலும் ஒருவர்கூட இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. கேட்டால் வியாபாரம் நடக்காது.

அவர் விளக்கியது இதுதான். நம் தலையில் சுமார் 1,00,000 முடிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் சில வருடங்கள் வளரும், பிறகு சுமார் 3 மாதம் ஓய்வெடுக்கும், பிறகு விழும். அதே வேரிலிருந்து புது முடி கிளம்பும். அதனால்தான் ஒன்றும் இல்லாதவர்களுக்கும் தினம் 50 முதல் 100 முடி வரை கொட்டுகிறது. கடும் காய்ச்சல், பிரசவம், அறுவை சிகிச்சை, பட்டினி டயட், பெரிய துக்கம் என்று உடம்புக்கு ஓர் அதிர்ச்சி வந்தால் ஏராளமான முடிகள் ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடும். இரண்டு மூன்று மாதம் கழித்து அவை ஒன்றாக விழும். பயப்பட வேண்டாம், வேர் சாகவில்லை, பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானாகவே அடங்கும். இரும்புச் சத்தும் தைராய்டும் மட்டும் பரிசோதிக்கச் சொன்னார். இரும்புச் சத்து குறைவாக இருந்தது. மாத்திரை கொடுத்தார். குப்பிகளை மூடி வைக்கச் சொன்னார்.

முடி திரும்பி வந்தது. நெற்றியோரம் குட்டிக் குட்டியாக நிமிர்ந்து நின்றது.

இப்போது இதைக் கவனியுங்கள். எனக்கு ஒவ்வாமை மட்டும் வராமல் இருந்திருந்தால்? அந்த ஆறு மாதமும் விடாமல் ரோஸ்மேரி தேய்த்திருப்பேன். முடி திரும்பி வந்திருக்கும். "முன்பு", "பின்பு" என்று இரண்டு போட்டோ போட்டிருப்பேன். ஆயிரம் பேருக்குச் சத்தியம் செய்திருப்பேன். அதில் ஒரு பொய்கூட இருந்திருக்காது, எல்லாமே தப்பாக மட்டும் இருந்திருக்கும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். இங்கே காக்கைக்கு ஒரு குப்பி 499 ரூபாய்.

முடி கொட்டுகிறவர் எண்ணெய் வாங்குகிற நேரம் எது? மிக மோசமாகக் கொட்டுகிற நேரம். அதற்குப் பிறகு வரக்கூடியது பெரும்பாலும் முன்னேற்றம்தான். இந்தச் சந்தையின் மொத்த ரகசியமும் இந்த ஒரு நேரக் கணக்கில் இருக்கிறது.

*

"ஆராய்ச்சியே இருக்கே" என்பார்கள். இருக்கிறது. படிப்போம்.

எல்லோரும் காட்டுவது 2015இல் ஈரானிலிருந்து வெளிவந்த ஓர் ஆய்வு. பரம்பரை வழுக்கை உள்ள 100 ஆண்கள். 50 பேருக்கு ரோஸ்மேரி, 50 பேருக்கு 2% மினாக்சிடில். 3 மாதத்தில் இரண்டு குழுவிலும் சொல்லிக்கொள்கிற மாற்றம் இல்லை. 6 மாதத்தில் இரண்டிலும் முடி எண்ணிக்கை கூடியது, இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. தலை அரிப்பு மினாக்சிடில் குழுவில்தான் அதிகம், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் எதுவுமே போடாத, அல்லது வெறும் எண்ணெய் மட்டும் போட்ட மூன்றாவது குழு ஒன்று அதில் இல்லை. ஒப்பிட்டது 2% மினாக்சிடிலோடு. ஆண்களுக்கு இன்று வழக்கமாகத் தருவது 5%. பயன்படுத்தியது அளவிட்டுத் தயாரித்த ஒரு லோஷன். நம் வீட்டுக் குப்பியில் என்ன இருக்கிறது என்று குப்பிக்கே தெரியாது. இந்த ஒற்றை ஆய்விலிருந்து "ரோஸ்மேரி மினாக்சிடிலுக்குச் சமம்" என்ற கோஷம் பிறந்து, கடல் தாண்டி வந்து, டெங்குவில் முடி கொட்டிய ஒரு பெண்ணின் தலையில் இறங்கியிருக்கிறது. அவளுக்கு இருந்த பிரச்சினை வேறு, அந்த ஆண்களுக்கு இருந்தது வேறு என்று சொல்ல ஆளில்லை.

இன்னொன்று, 1998இல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் நடந்தது. இது உண்மையிலேயே மதிக்கத் தக்க முயற்சி. நாம் புழுவெட்டு என்று சொல்கிற நோய் உள்ளவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குத் தைம், ரோஸ்மேரி, லாவெண்டர், சீடர்வுட் எண்ணெய்களை ஜோஜோபா, திராட்சை விதை எண்ணெய்களில் கலந்து தினமும் மசாஜ். இன்னொரு குழுவுக்கு அந்த அடி எண்ணெய் மட்டும். 7 மாதத்தில் முதல் குழுவில் 43 பேரில் 19 பேருக்கு முன்னேற்றம், மற்றதில் 41 பேரில் 6 பேருக்கு. நல்ல முடிவுதான். ஆனால் புழுவெட்டு என்பது உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் முடி வேரையே தாக்குகிற தனி நோய். அதில் கிடைத்த பலனை எல்லா முடி உதிர்வுக்கும் எழுதிக் கொடுத்தது விற்கிறவர்கள்.

பெப்பர்மின்ட்? 2014இல் கொரியாவில் செய்தார்கள். முடி நன்றாக வளர்ந்தது, எலிக்கு.

டீ ட்ரீ எண்ணெய்க்கு மட்டும் ஓரளவு நியாயமான சாட்சி உண்டு, அதுவும் பொடுகுக்கு. 2002இல் ஆஸ்திரேலியாவில் 126 பேரிடம் 4 வாரம், 5% டீ ட்ரீ ஷாம்பு. பொடுகு 41% குறைந்தது, சும்மா ஷாம்பு போட்டவர்களுக்கு 11%. கவனியுங்கள், அது போட்டுக் கழுவிவிடுகிற ஷாம்பு, அளவு குறிக்கப்பட்டது. ராத்திரி முழுக்க மண்டையில் ஊற வைப்பதற்கு யாரும் சான்றிதழ் தரவில்லை.

கடைசியாக விளம்பரத்தில் அந்தச் சின்ன நட்சத்திரக் குறி. "முடி உதிர்வைக் குறைக்கும்*" என்று பெரிதாக இருக்கும். அடியில், பூதக்கண்ணாடி வைத்தால் தெரிகிற எழுத்தில், "*முடி முறிவதால் ஏற்படும் உதிர்வு". முறிவது வேறு, வேரோடு விழுவது வேறு. சட்டம் நட்சத்திரத்தைப் படிக்கும். நாம் பெரிய எழுத்தைப் படிப்போம்.

*

அடுத்த வாதம்: "இயற்கைதானே, பாட்டி வைத்தியம்தானே."

யாருடைய பாட்டி? ரோஸ்மேரி மத்தியதரைக் கடல் பக்கத்துச் செடி. இன்று நீலகிரியில் பயிராகிறது, உண்மைதான். ஆனால் என் திருநெல்வேலி ஆச்சிக்கு அந்தப் பெயரில் தெரிந்ததெல்லாம் பள்ளிக்கூடத்தில் கூடப் படித்த ஒரு ரோஸ்மேரி.

ஆச்சி மாதம் ஒருமுறை புறவாசலில் இரும்புச் சட்டி வைத்து எண்ணெய் காய்ச்சுவாள். தேங்காய் எண்ணெய், கறிவேப்பிலை, செம்பருத்தி, கரிசலாங்கண்ணி, கொஞ்சம் வெந்தயம். சடசடப்பு அடங்கினால் தண்ணீர் வற்றிவிட்டது என்று கணக்கு, இறக்கிவிடுவாள். ஆறின பிறகு வெட்டிவேரை ஒரு முடிச்சாகக் கட்டிப் போடுவாள். இதில் இலையின் சாரம் எண்ணெயில் கொஞ்சமாக, மெதுவாக இறங்குகிறது.

எசென்ஷியல் ஆயில் என்பது வேறு சமாச்சாரம். ஊட்டிப் பக்கம் போனவர்கள் யூகலிப்டஸ் தைலம் காய்ச்சுகிற கொட்டகைகளைப் பார்த்திருப்பீர்கள். பெரிய கொப்பரையில் இலையைத் திணித்து நீராவி ஏற்றுவார்கள். ஆவியோடு கிளம்பும் வாசனையைக் குளிர வைத்தால் தண்ணீர் மேல் தைலம் மிதக்கும். மூட்டை மூட்டையாக இலை போட்டால் கொஞ்சம்தான் தைலம். அத்தனை இலையின் காரமும் அந்தக் குப்பிக்குள் இருக்கிறது. ஜலதோஷம் என்றால் அதில் இரண்டு சொட்டைக் கைக்குட்டையில் விட்டு முகர்வோமே தவிர, யாராவது உள்ளங்கையில் ஊற்றி மண்டையில் தேய்ப்போமா? பெயர் யூகலிப்டஸ் என்றிருந்தால் நமக்கு இருக்கிற புத்தி, ரோஸ்மேரி என்று மாறியதும் எங்கே போகிறது?

பெயரில்தான் இன்னொரு கூத்து. ஆன்லைன் கடைகளின் தமிழ்ப் பக்கத்தில் இதை "அத்தியாவசிய எண்ணெய்" என்று போடுகிறார்கள். எசன்ஸ், அதாவது சாரம் என்பதிலிருந்து வந்த பெயர். அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய்க்கு அடுத்து ரேஷனில் லாவெண்டரும் போடுவார்கள் என்று நினைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இயற்கை என்றால் சாது என்று அர்த்தமில்லை என்பதை எருக்கம்பாலும் அரளி விதையும் தெரிந்த ஊரில் நான் விளக்க வேண்டியதில்லை. லாவெண்டரில் இருக்கும் லினலூலும் எலுமிச்சையில் இருக்கும் லிமோனீனும் காற்றுப் பட்டு மெல்ல மாறி, ஒவ்வாமை உண்டாக்கும் பொருள்களாகின்றன. மூடி திறந்து மாதக்கணக்கில் ஜன்னலோரம் இருந்த என் குப்பிகளில் அதுதான் நடந்துகொண்டிருந்திருக்கும். பிழிந்தெடுத்த எலுமிச்சை எண்ணெயைப் பூசிக்கொண்டு வெயிலில் போனால் தோல் புண்ணாகும். ஐரோப்பிய ஒன்றியம் 2003இலேயே 26 வாசனைப் பொருள்களைப் பட்டியலிட்டு, கழுவாமல் விடுகிற பொருளில் 0.001%-ஐத் தாண்டினால் பெயரை அட்டையில் போடு என்றது. 2023இல் அந்தப் பட்டியல் 80-ஐத் தாண்டியது. அங்கே ஆயிரத்தில் ஒரு சதவீதத்துக்குக் கணக்குப் பார்க்கிறார்கள். நான் நூறு சதவீதத்தை நேராக மண்டையில் ஊற்றினேன்.

அதுவும் அசல் என்றால். என் ஏழு குப்பிகளில் மல்லிகைக் குப்பி 15 மில்லி, 299 ரூபாய். "100% தூய்மை" என்று எழுதியிருந்தது. மல்லிகையை நீராவியில் வடிக்க முடியாது, பூ வெந்து வாசனை கெட்டுவிடும். கரைப்பான் ஊற்றித்தான் சாரம் எடுக்கிறார்கள். ஒரு டன் பூவிலிருந்து ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ சாரம் கிடைக்கும். அப்படியென்றால் 15 மில்லிக்குப் பத்துக் கிலோ பூ. மதுரை மல்லி முகூர்த்த நாளில் கிலோ 1,000 ரூபாயைத் தாண்டும். மலிந்து கிடக்கிற நாளில் 200 ரூபாய் என்றே வைத்துக்கொள்ளுங்கள், பூவுக்கு மட்டும் 2,000. அதை 299க்கு ஒருவர் தருகிறார் என்றால் ஒன்று அவர் கர்ணன், இல்லையென்றால் குப்பிக்குள் இருப்பது மல்லிகை இல்லை.

*

எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிற இடம் வேறு.

சென்னைக்குக் காலேஜ் படிக்க வந்த முதல் வாரம், ஹாஸ்டல் ரூமில் ஒருத்தி மூக்கைப் பொத்திக்கொண்டு, "யாருப்பா அது, தேங்கா எண்ணெ ஸ்மெல்?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றோடு எண்ணெய் வைப்பதை நிறுத்தினேன். ஊரிலிருந்து ஆச்சி கொடுத்தனுப்பிய பாட்டில் கட்டிலுக்கு அடியில் கிடந்து, காரல் வாடை வந்து, குப்பைக்குப் போனது. எண்ணெய் வழிகிற தலை என்றால் கிராமம், அரசுப் பள்ளி, இங்கிலீஷ் வராத வாய். வாசனைக்கு நம் நாட்டில் எப்போதுமே ஒரு தராதரம் உண்டு.

பத்து வருடத்தில் அதே காரியம் "ஸ்கால்ப் ஆயிலிங் ரிச்சுவல்" என்று வெளிநாட்டுப் பெண்களின் வீடியோவாகத் திரும்பி வந்தது. அன்று என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் இன்று சொட்டுக் குழாயில் எண்ணெய் விட்டுக்கொள்கிறார்கள். நானும்தான். என்னிடமிருந்து வெட்கத்தோடு பிடுங்கியதை என்னிடமே பயத்தோடு விற்றார்கள். நான் 3,000 ரூபாய் கொடுத்து வாங்கினேன்.

இத்தனைக்கும் தேங்காய் எண்ணெய்க்கு ஒரு நேர்மையான வேலை உண்டு. 2003இல் மும்பையில் ஓர் ஆய்வு. சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் இரண்டையும்விட, தேங்காய் எண்ணெய் முடித் தண்டுக்குள் புகுந்து, தலை குளிக்கும்போதும் சீவும்போதும் புரதம் போவதைக் குறைக்கிறது என்றார்கள். தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனத்தின் ஆய்வாளர்களே செய்தது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். இது இருக்கிற முடியைக் காப்பாற்றுகிற சங்கதி. இல்லாத முடியை வரவழைப்பதல்ல.

இந்த வித்தியாசம் என் ஆச்சிக்குத் தெரிந்திருந்தது. சின்ன வயசில் ஒருநாள் கேட்டேன்: "ஆச்சி, இத தேச்சா முடி கொட்டாதா?"

"கொட்டுறது கொட்டத்தான்ட்டி செய்யும். மண்ட குளுரும், சிக்கு விழாது, நல்லா மணக்கும். வேற என்ன வேணும் ஒனக்கு?"

சித்த மருத்துவத்தில் கூந்தலுக்குத் தைலங்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நம் மரபில் கூந்தல் வாசனைக்கு மருந்து என்கிற சாக்கு தேவைப்படாத ஒரு பெரிய இடம் இருந்தது. சிலப்பதிகாரத்தில் மாதவி பத்து வகைத் துவரும் ஐந்து வகை விரையும் முப்பத்திரண்டு வகை ஓமாலிகையும் ஊறிய நீரில் குளிக்கிறாள், புகையில் கூந்தலை உலர்த்துகிறாள். அவளுக்கு முடி கொட்டியதாக இளங்கோ எங்கேயும் சொல்லவில்லை. மணக்க வேண்டும் என்பதற்காகவே அத்தனையும். குறுந்தொகையின் இரண்டாம் பாட்டை வைத்து எழுந்த திருவிளையாடல் கதையில் பாண்டியனின் சந்தேகம் என்ன? பெண்ணின் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா என்பது. சிவனே வந்து உண்டு என்கிறார். நக்கீரர், பூவாலும் பூசுகிற வாசனையாலும் வருவதுதான் என்கிறார். கூந்தலுக்கு மணம் உண்டா என்று கடவுளோடு சண்டை போட்ட ஊர் இது. மணத்தால் கூந்தல் வளருமா என்று அந்தச் சபையில் ஒருவரும் கேட்கவில்லை.

ஒரு பெண் தனக்குப் பிடித்த வாசனையைத் தலையில் வைத்துக்கொள்ள "முடி வளரும்" என்று ஏன் காரணம் காட்ட வேண்டியிருக்கிறது? சும்மா, பிடித்திருக்கிறது, அவ்வளவுதான் என்று சொல்ல ஏன் கூச்சம்? சந்தோஷத்துக்குச் செலவு செய்தால் ஊதாரி, சிகிச்சைக்குச் செலவு செய்தால் பொறுப்பானவள். இந்தக் கூச்சத்தில்தான் அவர்கள் கடை போட்டிருக்கிறார்கள்.

*

ஆகவே, இந்த வீடியோக்களைப் பார்த்துக்கொண்டு ராத்திரி 2 மணிக்கு விழித்திருக்கிற தங்கச்சிக்கும் தம்பிக்கும்: முடி கொட்டுகிறதா? போன மூன்று நான்கு மாதத்தை நினைத்துப் பாருங்கள். காய்ச்சல், பிரசவம், டயட், இழவு ஏதாவது இருந்ததா? ஆறு மாதமாகியும் நிற்காவிட்டால், வகிடு அகலமானால், வட்டமாகச் சொட்டை விழுந்தால் தோல் டாக்டரைப் பாருங்கள். அரசு மருத்துவமனையில் வரிசை நீளம், ஆனால் என் 7 குப்பியைவிட மலிவு. பரம்பரை வழுக்கை என்றால் நாள் போகப் போகத்தான் நஷ்டம். ஒரு வருடம் எண்ணெய் தேய்த்துப் பார்ப்போம் என்பது இலவசம் இல்லை.

வாசனை வேண்டுமா? தாராளமாக. 30 மில்லி தேங்காய் எண்ணெய்க்கு 6 சொட்டு போதும், அதுவே சுமார் 1%. முதலில் முழங்கை மடிப்பில் தடவி இரண்டு நாள் பாருங்கள். எரிந்தால் வேலை செய்கிறது என்று அர்த்தமில்லை, எரிகிறது என்று அர்த்தம். குழந்தைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள். யூகலிப்டஸ், கற்பூரத் தைலங்களைக் குழந்தை விழுங்கினால் வலிப்பு வரும்.

நான் இப்போது ஆச்சி செய்த மாதிரியே காய்ச்சுகிறேன். ரோஸ்மேரி, லாவெண்டர் பக்கமே போவதில்லை, எனக்கு ஆகாது. வெட்டிவேர் மட்டும். போன மாதம் சித்தி மகள் ஊரிலிருந்து காலேஜில் சேர வந்தாள். என் ரூமில் நுழைந்ததும் மூக்கை இழுத்தாள்.

"என்னக்கா இது, நல்லா மணக்கு?"

"எண்ணெ."

"முடி வளருமா?"

"வளராது. மணக்கும்."

கொஞ்சம் யோசித்தாள். பிறகு பையிலிருந்து காலிப் பாட்டில் ஒன்றை எடுத்து நீட்டினாள்.